வீட்டுக்கு வந்து சொல்லணும்

செருப்பக் கழட்டுங்க. அம்மா, நீங்களும்தான். அந்த வாளியில போடுங்க. போட்டுன்னா, படகுதானேன்னு செருப்போட ஏறிடலாம்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு. கரையில, தாமான்ல உங்க வீட்டுக்குள்ள செருப்போட போவீங்களா? இல்லல்ல? அப்ப என் வீட்டுக்குள்ள மட்டும் என்ன? தம்பி, தலை, தலை! குனிஞ்சு வரணும். இடிச்சுக்கிட்டீங்களா? சரி, தேச்சு விடுங்க. எல்லாரும் அங்கதான் இடிச்சுக்குவாங்க.

பசியாறியாச்சா? ஆச்சுன்னா நல்லது. என் பொஞ்சாதி இப்ப வீட்டுல இல்ல, உபசாரம் பண்ண ஆளில்ல. கோப்பி வேணும்னா நானே கலக்குவேன். ஆனா டின் பால்தான், மொகத்த சுளிக்கக் கூடாது.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த போட்ட விக்கிறேன்னு நான் எங்கயும் சொல்லல. விளம்பரம் போட்டவ புஷ்பவள்ளி, என் பொஞ்சாதி. போன்ல படம் புடிச்சு, 'பழைய கேட்டமரான், குடியிருக்க எல்லா வசதியும் உண்டு, யாரையும் எதிர்பார்க்காம வாழலாம்'னு எழுதிப் போட்டிருக்கா. அந்தக் கடைசிப் பேச்சு அவ பேச்சு இல்ல, என் பேச்சு. நாள் பூரா நான் சொல்றது. என் பேச்சையே எடுத்து என் வீட்ட விக்கிறா, பாத்துக்குங்க.

அப்ப எதுக்கு வரச் சொன்னீங்கன்னு கேக்கறீங்க. கேளுங்க, கேளுங்க. நீங்க போன் பண்ணீங்க. நான் சும்மா இருந்தேன். ஜெட்டிக்கு, அந்தப் படகுத்துறைக்கு வந்து ஏத்திக்கிட்டேன். வந்தவங்க பாத்துட்டுப் போங்க. பாத்தாவது தெரிஞ்சுக்குங்க, உங்களால முடியாதுன்னு. கோவிச்சுக்காதீங்க தம்பி, உங்க கையப் பாத்தேன். கம்ப்யூட்டர் தட்டுற கை. இதுல ஒரு வாரம் தாங்க மாட்டீங்க. உங்க வீட்டம்மா ஒரு நாள்கூடத் தாங்காது. கயித்துல கை வச்சதும் துடைச்சுக்கிச்சு, நான் பாத்தேன்ல.

சரி, வந்ததுக்குப் பாருங்க. கேட்டமரான்னா ரெட்டப் போட்டு, இந்தப் பக்கம் ஒரு உடம்பு, அந்தப் பக்கம் ஒரு உடம்பு, நடுவுல நாம நிக்கிற கூடம். ரெண்டு உடம்பு இருக்கறதால ஆட்டம் கம்மி. மேச மேல டம்ளர் வச்சா அப்படியே நிக்கும். இந்தப் பக்கம் எங்க ரூமு. அந்தப் பக்கம் ரெண்டு ரூமு, விருந்தாளிக்கு. யாரு வந்தா? ஒருத்தரும் வரல. ஒண்ணுல சாமான் போட்டு வச்சிருக்கேன், பம்பு, பெல்ட்டு, ஒட்டுற பசை, தையல் மெஷின். பாய்மரத்துப் பாய் கிழிஞ்சா நானே தைப்பேன். நான் பெராய்ல ஒரு ஃபேக்டரியில மெஷின் ரிப்பேர் பாத்தவன். ரிட்டையர் ஆனதும் சேமநிதிப் பணத்த எல்லாரும் என்ன செய்வாங்க? இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவாங்க. நான் டச்சுக்காரன் ஒருத்தன்கிட்ட இத வாங்கினேன். வாங்கி நாலு வருசத்துல ஒரு ஆணி அடிக்கக்கூட வெளியாள் இதுல ஏறுனது இல்ல.

மேல பாருங்க, கூரை பூரா சோலார். கீழ பேட்டரி. வெயில் அடிச்சாப் போதும், ஐஸ் பெட்டி, ஃபேன், லைட்டு, துணி தொவைக்கிற மெஷின் எல்லாம் ஓடும். கரண்டு பில்லு கெடையாது. எவனும் வாசல்ல வந்து மீட்டர் பாக்க மாட்டான். இது கக்கூஸ். தண்ணி ஊத்தற கக்கூஸ் இல்ல, மரத்தூள் போடணும். அம்மா, மூக்கப் பொத்தாதீங்க, நாத்தம் கெடையாது. என் வீட்டுல நாத்தம் கெடையாது.

இந்தா இருக்கு பாருங்க, இந்த மெஷின்தான் என் உசிரு. கடல் தண்ணிய உறிஞ்சி நல்ல தண்ணியாத் துப்பும். குடிங்க. என்ன யோசன? விஷமா வச்சிருக்கேன்? ருசி இல்லையா? சுத்தமான தண்ணிக்கு ருசி எதுக்குங்கறேன்.

நான் பொறந்தது சித்தியவான் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்து லயத்துல. எங்க வரிசைக்கே ஒரு குழாய். விடிகாலையில கொடத்த வச்சுட்டு நிக்கணும். எங்கம்மா கொடத்த எவளாவது நகத்தி வச்சிருவா, அன்னைக்கு முழுக்க சண்ட. யார் வீட்டுல என்ன கொழம்பு, யார் புருசன் குடிச்சுட்டு விழுந்தான், யார் மக யாரப் பாத்து சிரிச்சா, எல்லாம் குழாயடியில தெரிஞ்சு போயிரும். எங்கப்பாவ போலீஸ் கூட்டிட்டுப் போன கதைய எனக்கு எங்கம்மா சொல்லல. குழாயடியில ஒருத்தி சொன்னா, வாய் நெறயச் சிரிச்சுக்கிட்டுச் சொன்னா. அப்பவே முடிவு பண்ணிட்டேன், என் தண்ணி எனக்கு. எவன் மூஞ்சியிலயும் முழிக்காம ஒரு சொம்புத் தண்ணி குடிக்கணும். குடிக்கிறேன். யாரையும் எதிர்பார்க்கல.

என்ன தம்பி? இவ்வளவும் இருக்கும்போது ஏன் விக்கிறீங்கன்னா கேக்கறீங்க? நான் விக்கலன்னு இப்பத்தானே சொன்னேன், காது கேக்காதா உங்களுக்கு? அவ விக்கிறா. கோவத்துல விக்கிறா. என் மேல உள்ள கோவம். நாளைக்கு என் தங்கச்சி மவளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். தாய்மாமன் நான் இங்க நின்னு உங்களுக்குக் கக்கூஸ் காட்டிக்கிட்டிருக்கேன். ஏன்னு கேளுங்க. யாரும் கேக்கல, நீங்களாவது கேளுங்க. உக்காருங்க, அந்த மெத்தையில உக்காருங்க. நான் கொண்டு போய் விட்டாத்தானே நீங்க கரைக்குப் போகணும், அவசரம் ஒண்ணும் இல்ல.

என் தங்கச்சி பேரு தவமணி. அவ புருசன் சின்னராஜூ. இன்சூரன்ஸ் விக்கிறவன், வாய் ஓயாது. போன தைப்பூசத்துல கோவில் பந்தல்ல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். மவளுக்கு மாப்பிள்ள பாத்தாச்சுன்னு பேச்சு வந்துச்சு. இவன் எல வரிசைக்கே கேக்கற மாதிரி சொல்றான்: 'கல்யாணத்துக்கு எங்க மச்சானுக்கு எங்க போய் அழைப்பு வைக்கிறது? வீடு வாசல் இல்லாத ஆளு. மீனுக்குத்தான் வைக்கணும்.' எல்லாரும் சிரிச்சாங்க. புஷ்பாகூடச் சிரிச்சா. நான் எலய மடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன், பாயசம்கூடச் சாப்பிடல.

வீடு வாசல் இல்லாத ஆளு! இது என்ன? நீங்க உக்காந்திருக்கறது என்ன? அவனுக்குக் கரண்டு போனா மெழுகுவத்தி தேடுவான். தண்ணி நின்னா வாளியத் தூக்கிக்கிட்டு லாரிக்குப் பின்னாடி ஓடுவான். எனக்கு அந்தக் கத உண்டா? யாருக்குத் தம்பி வீடு இல்ல? சொல்லுங்க லா.

அப்புறம் கல்யாண கார்டு வந்துச்சு. எதுல வந்துச்சு? வாட்சப்புல. மொய்க்கணக்கு எழுதுறவனுக்கு அனுப்புற மாதிரி எனக்கும் ஒண்ணு. தவமணிக்குப் போன் போட்டேன். 'கூடப் பொறந்தவனுக்கு வாட்சப்பாம்மா? மொத அழைப்பு தாய்மாமனுக்கு. புருசனும் பொஞ்சாதியுமா தட்டெடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வந்து வைக்கணும். வீட்டுக்கு வந்து சொல்லணும். என் வீடு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்'னேன். அவ அழுவுறா. 'அண்ணே, எனக்குத் தண்ணின்னா பயம்னு உனக்குத் தெரியாதா? நீ ஜெட்டிக்கு வா, அங்க வச்சுத் தாறோம்'ங்கறா. ஜெட்டியில! பஸ் ஸ்டாண்டுல வச்சு சாமான் கைமாத்துற மாதிரி.

தண்ணின்னா பயம்தான், இல்லங்கல. சின்ன வயசுல லயத்துக்குப் பின்னாடி ஈயம் தோண்டுன குட்டையில விழுந்துட்டா. முடியப் புடிச்சு இழுத்துப் போட்டது யாரு? நான். வாயில காத்து ஊதினது யாரு? நான். அப்ப இழுத்துப் போட்டவன் வீட்டுக்கு வர மட்டும் என்ன பயம்? நான் கேக்கறது தப்பா? அம்மா, நீங்க சொல்லுங்க, தப்பா? சொல்ல மாட்டீங்க. பொம்பளைங்க பொம்பளைங்க பக்கம்.

சரி, ஞாயித்துக்கிழம வர்றோம்னாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? டெக்கு பூரா நல்ல தண்ணி ஊத்திக் கழுவினேன். நல்ல தண்ணி தம்பி, மெஷின் துப்பின தண்ணி. புஷ்பா கேசரி கிண்டினா. பின்னால அந்தப் படி இருக்குல்ல, ஏறி வந்தீங்களே, அதுதான் எங்களுக்கு வாசல். அதுல மாக்கோலம் போட்டா. அல வந்து அழிச்சுருச்சு. மறுபடியும் போட்டா. மறுபடியும் அழிச்சுருச்சு. 'விடுங்க, போதும்'னா. 'போதும் கெடையாது, போடு'ன்னேன். நான் வேட்டி கட்டிக்கிட்டேன். கல்யாணத்துக்குக் கட்ட வச்சிருந்த வேட்டி. அங்க முன்னால நின்னேன்.

வந்தாங்க. ஜெட்டியில சின்னராஜூ ஓட்டற காடி வந்து நின்னுச்சு. பைனாகுலர்ல பாத்தேன். தவமணி பட்டுச்சேல கட்டியிருக்கா, கையில தட்டு, வெத்தல, பழம் எல்லாம் தெரியுது. பக்கத்துல அவன், கறுப்புக் கண்ணாடி. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, பொய் சொல்லக் கூடாது. அம்மா சாயல் அவளுக்கு. போன் அடிக்குது. எடுத்தா அவன். 'மச்சான், வந்துட்டோம், உங்க சின்ன போட்ட அனுப்புங்க.'

அனுப்புங்க! அழைப்பு வைக்க வர்றவன் வீட்டுக்காரன்கிட்டயே வண்டி அனுப்பச் சொல்வானா? எந்த ஊர்ல நடக்குது? ஜெட்டியில வாடகைக்கு ஓடற சின்னப் படகு, சம்பான், வரிசையாக் கட்டிக் கெடக்குது. ஒண்ணப் புடிச்சுக்கிட்டு வரத் தெரியாதா? ஈப்போவுக்கு அழைப்பு வைக்கப் போனா பெட்ரோல் போட்டுக்கிட்டுத்தானே போவான்? 'வீட்டுக்கு வரத் தெரிஞ்சா வா, இல்லன்னா போ'ன்னு போன வச்சுட்டேன்.

என்ன சிரிக்கிறீங்க? உங்களுக்கு மட்டும் ஜெட்டிக்கு வந்தேனேன்னுதானே? தம்பி, நீங்க யாரோ. யாரோ ஒருத்தர ஏத்திக்கிட்டு வர்றதுல ஒண்ணுமில்ல. ஒறவுக்காரன் தானா வரணும். இது புரியலன்னா உங்களுக்கு நான் என்ன பேசி என்ன.

நிக்கிறாங்க. மண்டையப் பொளக்கற வெயில். அவன் கைய ஆட்டறான். நான் பாக்காத மாதிரி நிக்கிறேன். புஷ்பா, 'டிங்கி சாவியக் குடுங்க, நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்'ங்கறா. டிங்கிங்கறது நீங்க வந்தீங்களே, அந்த ரப்பர் போட்டு. அவளுக்கு ஓட்டத் தெரியும், நான்தான் சொல்லிக் குடுத்தேன். சாவிய வேட்டி மடியில சொருகிக்கிட்டேன். 'அவங்க வரட்டும்'னேன். 'அவ பயந்துக்குவா, பாவம்ங்க'ன்னா. 'வரட்டும்'னேன். கேசரி ஆறிப் போச்சு.

அப்புறம் தவமணி ஒரு நாடகம் போட்டா பாருங்க! ஜெட்டியில நான் கயிறு கட்டற கம்பம் இருக்குல்ல, அதுக்கு முன்னால தட்ட எறக்கி வச்சா. கம்பத்துக்கு சந்தனம் வச்சா, குங்குமம் வச்சா. கார்ட எடுத்துக் கயித்துல சொருகினா. அப்புறம் நிமிந்து இந்த போட்டப் பாத்துக் கும்புட்டா. எனக்கு அழைப்பு வைக்காம கம்பத்துக்கு வைக்கிறா! ஊரே வேடிக்க பாக்குது, மீன்காரன் ஒருத்தன் போன்ல படம் புடிக்கிறான். அதோட விட்டாளா? அப்படியே கீழ உக்காந்தா, பட்டுச்சேலையோட தரையில. உக்காந்து ஒரு பக்கமாச் சாஞ்சுக்கிட்டா. எங்கம்மா இப்படித்தான், பேச்சுல ஜெயிக்க முடியலன்னா குழாயடியில தரையில உக்காந்துருவா. மவளுக்கு அது அப்படியே வந்திருக்கு. நல்லா நடிக்கிறா. சின்னராஜூவும் இன்னொருத்தனும் ரெண்டு பக்கமும் தாங்கிப் புடிச்சுக் காடியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. எல்லாத்தையும் பைனாகுலர்ல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒண்ணு விடல.

புஷ்பா என்ன செஞ்சா தெரியுமா? கேசரியக் கடல்ல கொட்டிட்டா. அடுத்த நாள் காலையில பசாருக்கு, காய்கறி வாங்கப் போகணும்னு கூடையத் தூக்கிக்கிட்டு நின்னா. கொண்டு போய் ஜெட்டியில விட்டேன். எறங்கி, 'கல்யாண வீட்டுல வேல கெடக்கு, நான் அங்க இருக்கேன்'னுட்டு நடந்துட்டா. திரும்பிப் பாக்கல. கூடையெல்லாம் சும்மா, உள்ள துணி. ரெண்டு நாள்ல விளம்பரம் வந்துருச்சு.

வருவா. கல்யாணம் முடிஞ்சதும் வருவா. வெளியில ரெண்டு தொட்டியில கறிவேப்பிலச் செடி வச்சிருக்கா பாருங்க, அத விட்டுட்டு இருக்க மாட்டா. நான்தான் தண்ணி ஊத்தறேன். என்னமோ காயுது.

அம்மா! அந்தக் கதவத் தெறக்காதீங்க! யார கேட்டுத் தெறக்கறீங்க? மூடுங்க. ஒண்ணுமில்ல, சேலதான். சரி, பாத்தாச்சுல்ல, பாருங்க. மாமன் சீரு. ஈப்போவுல கட கடையா ஏறி எடுத்தது. அந்தக் கலர்தான் கவிக்கு எடுப்பா இருக்கும். கவித்ரா, கல்யாணப் பொண்ணு. பொறந்தப்ப மொதச் சீனித் தண்ணி நான் வச்சேன். என் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தினாங்க, என் கையக் கடிச்சுட்டா, இந்தா தழும்பு. எல்லாம் வாங்கி ரெடியா வச்சிருக்கேன். அழைப்பு வராம எப்படிக் கொண்டு போறது? சொல்லுங்க. அழையாத வீட்டுக்கு இவன் சேலையத் தூக்கிக்கிட்டு வந்துட்டான்னு சின்னராஜூ பந்தியில உக்காந்து சொல்ல மாட்டான்?

நாளைக்கு அவள மணவறைக்குக் கையப் புடிச்சு அழைச்சுட்டுப் போகணும் நான். இன்னைக்குக் காலையில நலுங்கு முடிஞ்சிருக்கும். மொத மஞ்சள் மாமன் கையால வைக்கணும். யாரு வச்சாங்களோ. ஒருத்தனும் போன் பண்ணல. பண்ணா மட்டும் போயிருவேனா? வீட்டுக்கு வந்து சொல்லணும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஒரு சம்பானப் புடிச்சு வந்து, 'அண்ணே வா'ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், சட்டையப் போட்டுக்கிட்டுக் கூடவே எறங்கிருவேன். அதான் கேக்கறேன். வேற என்ன கேட்டேன்?

இருங்க. அங்க ஒரு சம்பான் வருது. வாடகச் சம்பான்தான், அந்த மலாய்க்காரப் பெரியவரு ஓட்டறாரு. பங்கோர் தீவுப் பக்கம் திரும்புவாரு. திரும்பல. இந்தப் பக்கம்தான் வருது. தம்பி, அந்த பைனாகுலர எடுங்க. எடுங்க, சீக்கிரம்! மஞ்சச் சேல. பொம்பளப் புள்ள. தனியா உக்காந்திருக்கு.

கவி! தம்பி, நம்ம கவி! வந்துட்டா, பாத்தீங்களா, வந்துட்டா! நான் என்ன சொன்னேன்? நலுங்கு வச்ச மொகம், மஞ்ச அப்படியே இருக்கு. நலுங்கு வச்ச பொண்ணு வாசலத் தாண்டக் கூடாதும்பாங்க. அதையும் மீறி மாமன் வீட்டத் தேடி வந்திருக்கா. ஆத்தாளும் அப்பனும் செய்யாதத அவ செய்யறா. எங்க ரத்தம் லா! எந்திரிங்க, எந்திரிங்க. அம்மா, அந்த மெத்தையத் தட்டிப் போடுங்க. என் சட்ட எங்க? சரி, விடுங்க.

வா கவி, வாம்மா. கயிற இங்க போடச் சொல்லு. படி வழுக்கும், மாமா கையப் புடிச்சுக்க. ஏன், புடிக்க மாட்டியா? சரி, நீயே ஏறு, பாத்து வா. உக்காரு. இவங்க யாரா? இவங்க சும்மா, போட்டு பாக்க வந்தவங்க, கெளம்பிருவாங்க. நீ உக்காரு. நின்னுக்கிட்டே இருக்க. தண்ணி குடி, இந்தா. குடிம்மா, வீட்டுக்கு வந்துட்டுத் தண்ணி குடிக்காமப் போகக் கூடாது. வேணாமா? சரி, அப்புறம் குடி. தட்டு எங்க? சம்பான்ல விட்டுட்டு வந்துட்டியா? தட்டு கொண்டு வரலயா? பரவால்ல, தட்டு என்ன தட்டு, நீ வந்ததே போதும். வாயால ஒரு வார்த்த சொல்லு. மாமா கெளம்பிட்டேன்னு வச்சுக்க.

என்ன சொன்ன?

இன்னொரு தடவ சொல்லு.

தம்பி, கேட்டீங்களா இந்தப் புள்ள பேசறத? நாளைக்கு நான் வர வேணாமாம். மண்டபத்துப் பக்கமே வர வேணாமாம். 'வாட்சப்புல சொன்னா உங்களுக்கு மரியாத இல்லல்ல மாமா, வீட்டுக்கு வந்து சொல்லணும்ல, அதான் சம்பான் புடிச்சு வந்து சொல்றேன்'ங்கறா. மஞ்ச மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்றா.

ஏன்? நான் என்ன செஞ்சேன்? என்ன செஞ்சேன்னு சொல்லிட்டுப் போ. உங்கம்மாவா? எந்த ஆஸ்பத்திரி? எப்ப? அன்னைக்கா, ஜெட்டியிலயா? மயங்கியா விழுந்தா? சக்கர எறங்கிப் போச்சா? அவ ஒண்ணும் சாப்பிடலயா? தட்டு வைக்கிறவரைக்கும் பட்டினியா இருந்தாளா? எனக்காகவா? ஏன்டி எனக்கு ஒருத்தரும் சொல்லல? புஷ்பாவுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டுத்தான் போனாளா? இப்ப எப்படி இருக்கா? கவி, உங்கம்மா இப்ப எப்படி இருக்கான்னு கேக்கறேன்ல. இப்பத்தான் கேக்கத் தோணுச்சாங்கறியா? தெரிஞ்சாத்தானே கேப்பேன்!

நான் பாக்கல கவி. சத்தியமா நான் பாக்கல. உள்ள வேலையா இருந்தேன், மெஷின் ரிப்பேரு. அவங்க வந்தது போனது எனக்கு எப்படித் தெரியும்? என் தங்கச்சி விழறதப் பாத்துக்கிட்டு நான் நிப்பேனா? குட்டையில குதிச்சவன் நான். பாத்திருந்தா நீந்தியே வந்திருப்பேன்.

என்னம்மா? நீங்க எதுக்கு நடுவுல வர்றீங்க? ஆமா, சொன்னேன். பைனாகுலர்ல பாத்தேன்னு சொன்னேன். ஒண்ணு விடலன்னு சொன்னேன். அது உங்ககிட்ட சொன்னது. வெளியாளுகிட்ட மனுசன் ஆயிரம் பேசுவான். அத எடுத்து இந்தப் புள்ள முன்னால சொல்றீங்களே, உங்கள யாரு கேட்டா? வாய மூடிக்கிட்டு உக்காரத் தெரியாதா? தம்பி, உங்க பொஞ்சாதிய அடக்குங்க. உங்கள வீட்டுக்குள்ள விட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும்.

கவி. கவி, இந்தப் பக்கம் பாரு. பாத்தேன். பாத்தது நெசம். ஆனா விழுந்தான்னு தெரியாது. கோவத்துல உக்கார்றான்னு நெனச்சேன். எங்கம்மா அப்படித்தான் உக்காரும், உனக்குத் தெரியாது, உங்கம்மாவக் கேளு, சொல்லுவா. உக்கார்றான்னுதான் நெனச்சேன். அழுவாதடி. அழுவலயா? பின்ன என்ன மொகம் அப்படி இருக்கு?

சரி, நான் வரல. வர வேணாம்னா வரல. உன்ன மணவறைக்கு யாரு அழைச்சுட்டுப் போவாங்க? அத மட்டும் சொல்லு. மாமன் இல்லாம எப்படி? யாரு? அத்தையா? புஷ்பாவா? காலையில நலுங்குல மொத மஞ்சளும் அவளா வச்சா? எங்கயாவது நடக்குமா இது? மாப்பிள்ள வீட்டுக்காரங்க சிரிக்க மாட்டாங்க? சிரிக்கட்டுமா? அவ்வளவுதானா உன் பேச்சு?

எறங்காத, இரு. சேலையாவது கொண்டு போ. உனக்கு எடுத்ததுடி, வேற யாரு கட்டுவா? நான் வரல, சேல மட்டும் வரட்டும். அதுவும் வேணாமா? கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போ. மெதுவா, படி, படி!

நீங்க எங்க கெளம்பிட்டீங்க? செருப்ப எதுக்கு எடுக்கறீங்க? அவ சம்பான்லயா போறீங்க? நான் கொண்டு போய் விட மாட்டேனா? கூட்டிட்டு வந்தவனுக்குக் கொண்டு போய் விடத் தெரியாதா? இஞ்சினு இன்னும் காட்டல. பாயி காட்டல. தம்பி, விலகூடக் கேக்காமப் போறீங்களே. அந்தம்மா சொன்னது சொல்லிட்டாங்க, போகட்டும், நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. உக்காருங்க, கோப்பி போடறேன்னு சொன்னேன்ல. போட்ட வேணும்னா எடுத்துக்குங்க, பேசி முடிச்சுக்கலாம். கேக்குதா?

போங்க. எல்லாரும் போங்க. வந்துட்டாங்க போட்டு பாக்க. தலையிலதான் இடிச்சுக்கத் தெரியும் உங்களுக்கு.

தம்பி! ஏ தம்பி! இந்தப் பக்கம் திரும்புங்க. எடம் மாறி உக்காருங்க. நீங்க அந்த ஓரத்துக்குப் போங்க, அவள நடுவுல விடுங்க. காத்து அந்தப் பக்கம் அடிக்குது, தண்ணி பூரா அவ மேலதான் தெறிக்குது. பெரியவர மெதுவா ஓட்டச் சொல்லுங்க. மூஞ்சி நனையுது தம்பி அவளுக்கு. நலுங்கு வச்ச புள்ள.